மாமரத்து நத்து

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில், தொடர்மாடிகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் பழைய வீடொன்றில் வசிக்கிறோம். பின்வளவில் ஒரு மாமரமும் ஓர் ஈரப்பலாவும் நிற்கின்றன. சென்ற வாரம் ஒருநாள் காலை, காகங்கள் மாமரத்தைச் சூழ்ந்து இடைவிடாமல் கரைந்ததால் போய்ப் பார்த்தேன். அடிமரத்தோடு ஒட்டியபடி, ஒரு சாண் உயரமே உள்ள ஆந்தை ஒன்று கண்களைப் பாதி மூடிக்கொண்டு இருந்தது. தலையில் இரண்டு கொம்புகள் போலச் சிறகுகள். 22 ஆண்டுகளாக இந்த வீட்டில் இருந்தும் இப்படியொன்றை நான் கண்டதில்லை. இரவில் சில விநாடிக்கு ஒருமுறை ஒரே மாதிரியான ஒற்றை ஒலி கேட்கிறது. மாமி அதை நத்து என்றும், அது தங்கும் வீட்டுக்குக் கெடுதல் வரும் என்றும் கூறி, பொந்துள்ள கிளையைத் தறித்துவிடச் சொல்கிறார். இவ்வளவு நெருக்கமான இடத்துக்கு அது எங்கிருந்து வந்திருக்கும்? நாங்கள் என்ன செய்வது?

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

அது எங்கிருந்தும் வரவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் அந்த வீட்டில் வாழ்ந்த காலத்தின் பெரும் பகுதியை அதுவோ அதன் முன்னோரோ உங்களோடு கழித்திருக்கக்கூடும். பகல் முழுவதும் மரப்பட்டையின் நிறத்தோடு கலந்து அசையாதிருந்து, நீங்கள் விளக்கணைத்த பின் வெளியே கிளம்பும் ஓர் உயிர் 22 ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்ததில் வியப்பில்லை. பகலில் கூகையைக் காகம் வெல்லும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். உங்களுக்கும் அதைக் காட்டிக்கொடுத்தவை காகங்களே.

உயரம், கொம்புச் சிறகுகள், ஒற்றை ஒலி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அது தென்னாசியாவின் தோட்டங்களில் வாழும் சின்னக் கொம்பு ஆந்தையாக இருக்க வேண்டும். மறுபடியும் கண்டால் கண்ணைக் கவனியுங்கள். கரும்பழுப்பாக இருந்தால் ஐயமில்லை. அதன் அறிவியற் பெயர் ஓட்டஸ் பக்கமூனா. 1769இல் இயற்கையியலாளர் தோமஸ் பென்னன்ட் இலங்கைப் பறவையைக் கொண்டு அதை விவரித்தபோது, ஆந்தையைக் குறிக்கும் சிங்களச் சொல்லையே அதற்குப் பெயராக்கினார். நம் அயலவர் அன்றாடம் சொல்லும் சொல் உலகெங்கும் உள்ள பறவை நூல்களில் நிலைத்திருக்கிறது என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

உங்கள் மாமியின் அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அம்மம்மாவும் நத்துக் கத்தினால் அடுப்பில் ஒரு பிடி உப்பைப் போடுவார். மின்சாரம் இல்லாத ஊரில், விடிய விடிய விளக்கெரிந்தது பெரும்பாலும் நோயாளி கிடந்த வீட்டில்தான். விளக்கைத் தேடிப் பூச்சிகள் வந்திருக்கும், பூச்சிகளைத் தேடி ஆந்தை வந்திருக்கும். மரணத்தையும் அந்தக் குரலையும் ஒரே இரவில் கேட்டவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள் என்பது என் எண்ணம். மாமியை மாலையில் பின்கதவடியில் உங்களோடு இருத்திக்கொள்ளுங்கள். அது வண்டையும் வெட்டுக்கிளியையும் எலிக்குஞ்சையும் பிடிப்பதை ஒருமுறை கண்டால், அவர் மனம் தானாகவே இளகக்கூடும்.

கிளையைத் தறிக்காதீர்கள். இந்த ஆந்தை தனக்கெனக் கூடு கட்டுவதில்லை. முதிர்ந்த மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். நட்ட மரமொன்றில் அப்படியொரு பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் செல்லும். பழைய வளவுகள் தொடர்மாடிகளாக மாறிவரும் உங்கள் பகுதியில், உள்ளே பொந்துவிட்ட கிளையோடு இன்னும் எத்தனை மாமரங்கள் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிளை கூரைக்கு மேல் நீண்டு ஆபத்தாக இருந்தால் நுனியை மட்டும் குறைத்து, பொந்துள்ள பகுதியை விட்டுவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் எலி மருந்து வைக்கிறீர்களா? இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் புரோடிபகூம் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரிகிறது. அந்த நாட்களில் அதைப் பிடிப்பது ஆந்தைக்கு மிக எளிது, எலியின் ஈரலில் தங்கிய நஞ்சோ ஆந்தைக்குள் போகிறது. தெஹிவளையில் நான் முன்பிருந்த வீட்டில் மருந்து வைத்திருந்த மாதம், மதிலோரம் ஓர் ஆந்தை செத்துக் கிடந்தது. அந்த மருந்துதான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அதைக் கையில் எடுத்தபோது உணர்ந்த, பஞ்சை விடச் சற்றே கூடிய அந்தப் பாரத்தை நான் மறக்கவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் எலிப்பொறி மட்டுமே.

கொழும்பு நாம் நினைப்பதைவிட உயிர் நிறைந்த நகரம். ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் இதுவும் ஒன்று. உங்கள் பக்கத்துக் கால்வாயில் கபரகொய்யா என்னும் நீர் உடும்பு நீந்துகிறது. கூரைக்குள் இரவில் ஓடுவது மரநாயாக இருக்கலாம். ஒக்டோபருக்குப் பின் மாலை ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை கேட்டால், இந்தியாவிலிருந்து வந்திறங்கிய ஆறுமணிக்குருவி ஈரப்பலாவின் சருகுக்குள் நிற்கிறது என்று கொள்ளுங்கள். அதற்காகவேனும் சருகு முழுவதையும் கூட்டி எரித்துவிடாதீர்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்ணுக்கு முன் காதே கண்டுபிடிக்கும். பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் ஈரவலயக் காடொன்றில் அறியாத ஆந்தைக் குரல் ஒன்றைக் கேட்டார். அந்தப் பறவையைச் சிங்கராஜாவில் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில்தான். 2004இல் அது அறிவியலுக்கே புதிய இனமாக விவரிக்கப்பட்டது. ஒரு குரலை ஆறு ஆண்டுகள் மனதில் வைத்துக்கொண்டு தேடிய அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

உங்களுக்கு ஆறு ஆண்டுகள் தேவைப்படாது. இருள் கவியும் அரைமணி நேரம் வெளி விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். கைபேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு அதை அழைக்க வேண்டாம். வேறோர் ஆந்தை தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று எண்ணி அது அலைக்கழியும். டோர்ச் விளக்கு வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, மரத்தடியை நோக்கிப் பிடியுங்கள். ஒற்றை ஒலிக்குப் பதிலாக, இரண்டாம் அசை உயர்ந்து முடியும் 'கூ-உக், கூ-உக்' என்ற குரல் கேட்டால், அது பருந்தைப் போன்ற தோற்றமும் மஞ்சள் கண்ணும் உடைய வேறோர் ஆந்தை. கொழும்பு வளவுகளில் அதுவும் உண்டு. எதைக் கேட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மாமி என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.