திருத்தாத செல்லை எடுத்து வைத்திருக்கிறார்களா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். 3 வாரத்துக்கு ஒருமுறை கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். மரபணுவையே திருத்தும் சிகிச்சை வந்துவிட்டது என்கிறார்கள். ஒருவர் போனில், 'ஆராய்ச்சியில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கட்டுங்கள்' என்கிறார். நம்பலாமா டாக்டர்?
- ஒரு தாய், மஞ்சக்குப்பம்

பதில்: முதலில், பணம் கட்டாதீர்கள் அம்மா. ஆய்வுச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. ஆய்வினால் பிள்ளைக்குப் பாதிப்பு வந்தாலும் அதற்கான வைத்தியத்தை அவர்களே இலவசமாகச் செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லாதவரிடம் அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

புதுச்சேரியில் பல வருடம் ரத்த வங்கியில் இருந்தவள் நான். இந்தப் பிள்ளைகள் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் மகள் வயதில் எந்த நரம்பு கிடைக்கும் என்று அவர்களே நர்ஸுக்குச் சொல்லிவிடுவார்கள். அதைப் பார்த்தவளுக்கு உங்கள் ஆசை புரியாமல் இருக்குமா?

சிகிச்சை உண்மைதான். காஸ்ஜெவி என்று பெயர். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது. தலசீமியாவுக்கு அமெரிக்கா 2024 ஜனவரியில் அனுமதி கொடுத்தது, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், தலசீமியாவில் போதிய அளவு உருவாகாது. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் ஓடும். பிறந்த பிறகு ஒரு மரபணு அதை அடக்கிவிடும். ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்லை, அதாவது ஸ்டெம் செல்லைப் பிள்ளையிடமிருந்து எடுத்து, அந்த அடக்கும் வேலை நடக்கும் இடத்தில் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் வெட்டித் திரும்ப ஏற்றுகிறார்கள். பழைய ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கிறது.

கத்தரி வேறு இடத்தில் வெட்டிவிட்டால்? எல்லோரும் கேட்பது இதைத்தான். 2023 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூட்டிய நிபுணர் குழுவும், அரிவாள் செல் சோகை என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய்க்கு இதே மருந்தை அனுமதிப்பது பற்றிப் பேசியபோது, இதைத்தான் அலசியது. ஆளுக்கு ஆள் மரபணு எழுத்து கொஞ்சம் மாறும். ஒருவருக்கு வெட்டு விழாத இடத்தில் இன்னொருவருக்கு விழலாம். அதனால், 'நம் ஊர்க்காரர்களின் மரபணுவோடும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?' என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். சிகிச்சை பெற்றவர்களை 15 வருடம் கண்காணிப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. திருத்திய செல் குடியேற, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய செல்களைப் புசல்ஃபான் என்ற கீமோ மருந்து கொடுத்து அழிக்க வேண்டும். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், பல வாரம் கிருமித்தொற்று பயம். அப்புறம் கர்ப்பம் தரிக்கும் சக்தியே போய்விடலாம். 13 வயதுப் பெண்ணிடம் இதை யார் பேசுவார்கள்? நீங்கள்தான் பேச வேண்டும். கீமோவுக்கு முன்பே சினைமுட்டையோ சினைப்பைத் திசுவோ உறைய வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: திருத்தாத செல்லில் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களா? திருத்திய செல் ஒட்டாமல் போனால் பிள்ளையைக் காப்பாற்ற அதுதான் கையில் இருக்கும். அது பத்திரமாக இருக்கிறது என்று தெரியாமல் கீமோவுக்குச் சம்மதிக்காதீர்கள்.

அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். ஈரலில் இரும்பு ஏறியிருந்தால் புசல்ஃபானின் ஆபத்து கூடும். உடன்பிறந்தவர்கள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போகும்போது எச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பொருந்தினால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை வேலூரிலேயே செய்கிறார்கள்.