முகாம் முடிந்த எட்டாவது நாள்

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு முகாம் நடந்த கிராமத்துக்குப் போய்ப் பார்த்தேன். நட்ட 200 கன்றுகளில் உயிரோடு இருப்பவை ஏழோ எட்டோதான். "மறுபடியும் வந்துட்டீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. முதல்வர் இரண்டு வாரத்தில் ஆண்டுத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பழைய கோப்பில் ஒவ்வொரு ஆண்டும் பேரணி, கோயில் சுத்தம், கண் முகாம், மரம் நடுதல் என்று ஒரே பட்டியல். தேதியை மட்டும் மாற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

திட்டம் எழுதுவதற்கு முன்பே ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். முதல் ஆண்டில் எனக்கு அது தோன்றவில்லை. என் முதல் முகாமைப் பிப்ரவரிக் கடைசியில் நடத்தினேன். மாணவர்கள் உற்சாகமாகக் குழி வெட்டினார்கள், ஊர்ப் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். சித்திரையில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது சாலையோரம் வரிசையாகக் குச்சிகள் நின்றன. அன்று பஸ்ஸில் திரும்பும்போது பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, வெயில் ஏறத் தொடங்கும் மாதத்தில் நட்டால் கன்று எப்படிப் பிழைக்கும்? மாணவர்களுக்குத் தேர்வு இல்லை என்பதால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம். மரத்துக்கு அது தோதான மாதமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அதனால் முகாமிலிருந்து திட்டத்தைத் தொடங்காதீர்கள். ஏழு நாள் முகாம் முடிந்து எட்டாவது நாள் காலை, உங்கள் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, அந்த ஊரில் என்ன மிச்சம் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் எந்த மாதம் என்ன வேலை, யார் பொறுப்பு, எவ்வளவு பணம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளியும். பழைய கோப்பில் இருப்பது நிகழ்ச்சிகளின் பட்டியல். அதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காந்தி நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் இதில் சேராது, அது தனி. நாம் என்ன செய்கிறோம் என்றால், அந்த 240 மணி நேரத்தை வளாகத்தைச் சுத்தம் செய்வதிலும் விழாக்களில் நாற்காலி போடுவதிலும் கழித்துவிட்டு, ஊருக்கான வேலை மொத்தத்தையும் ஏழு நாளில் அடைத்துவிடுகிறோம். உங்கள் கையில் இருப்பது இரண்டு ஆண்டுகள். இரண்டு ஆண்டுக்கும் ஒரே ஊர், ஒன்றிரண்டு வேலைகள் போதும்.

என்ன வேலை என்பதை ஊர் சொல்லட்டும். ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்துக்குப் பத்து மாணவர்களோடு போய் உட்காருங்கள். பேச வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீடு வீடாகப் போகும்போது படிவம் நீட்டாமல் திண்ணையில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். பெண்கள் கூட்டத்தில் சொல்லாததை அங்கேதான் சொல்வார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில், எழுத்தறிவு வகுப்போடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் வீட்டு ஆண்பிள்ளையின் துணைக்காகக் காத்திருந்த பெண்களுக்குச் சம்பந்தம் நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த இயக்கத்தைப் பற்றிப் பேசும் பலரும் இன்றும் முதலில் சைக்கிளைத்தான் சொல்கிறார்கள்.

சரி, ஊர் மரம்தான் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்கரை இருந்தால் செப்டம்பரில் பனை விதை ஊன்றுங்கள். இலை வெளியே தெரிவதற்கு முன்பே வேரை ஆழமாக இறக்கிக்கொள்ளும் மரம் அது. குடம் தூக்க வேண்டியதில்லை. கன்றுகளை அக்டோபரில், முதல் நல்ல மழை பெய்ததும், இரண்டு சனிக்கிழமைகளில் நட்டுவிடுங்கள். நவம்பரில் பருவத் தேர்வு வந்துவிடும் என்பதால் அதற்கு மேல் தள்ள முடியாது. 200 வேண்டாம், 40 போதும். ஊருக்குப் பொதுவான இடத்தில் நட்டதற்கு யாரும் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். 40 வீட்டு வாசலில் 40 கன்று நடுங்கள். வேம்பா, புங்கனா, முருங்கையா என்பதை அந்தந்த வீட்டுக்காரரே சொல்லட்டும். ஆட்டுக்கு முள்வேலி கட்டாமல் ஒன்றைக்கூட நடாதீர்கள்.

இனி முகாம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரட்டும். அப்போது நடும் வேலையே இருக்காது. கன்றுகளை எண்ணுவது, பாத்தி கட்டுவது, வேலியைச் சரிசெய்வது, வாய்க்காலைத் தூர்வாருவது, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம். கோடையில் கல்லூரி மூடியிருக்கும், அதுதான் கன்றுகளுக்கு மிக மோசமான காலம். உங்கள் மாணவர்களில் அந்த ஊர், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். கோடைப் பொறுப்பை அவர்களிடம் பெயர் எழுதி ஒப்படையுங்கள். ஜூனில் புதிய மாணவர்கள் சேரும்போது, ஒரு வருடம் வேலை செய்தவர்களே அவர்களை ஊருக்குக் கூட்டிப்போய் வீடு வீடாக அறிமுகம் செய்யட்டும்.

கண் முகாம் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். இலவச அறுவை சிகிச்சை என்று சொல்லியும் கிராமத்தவர் பலர் வரவில்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, தனியாகப் போகும் பயம், இவைதான் தடுத்தன. அதன் பிறகு மருத்துவமனைக்காரர்களே முகாமிலிருந்து வண்டியில் கூட்டமாக அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, ஊரில் கொண்டுவந்து விட்டு, மறுபரிசோதனைக்கும் திரும்ப வந்தார்கள். நீங்கள் கண் முகாம் வைப்பதாக இருந்தால், புரை இருப்பதாகக் கண்டறிந்த பாட்டிகளின் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் அறுவை முடிந்து வீடு வரும்வரை கூட நிற்க ஐந்து மாணவர்களை நியமியுங்கள். முடியாது என்றால் முகாமே வைக்க வேண்டாம். பார்வை மங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டு நாம் கிளம்பிவருவது பெரிய பாவம்.

முதல்வர் புகைப்படம் கேட்பார். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு, வளாகத்துக்கு வெளியே செய்யும் விரிவாக்கப் பணிகளின் சான்று தேவைப்படுவதால் அவரைக் குறை சொல்ல முடியாது. எடுங்கள், ஆனால் ஒரே கன்றை அக்டோபரிலும் அடுத்த அக்டோபரிலும் எடுங்கள். அறிக்கையில் எத்தனை நட்டோம் என்பதற்குப் பக்கத்திலேயே எத்தனை நிற்கிறது என்று ஒரு கட்டம் போடுங்கள். 40-இல் 22 நின்றால் 22 என்றே எழுதுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் உங்கள் மாணவி ஒருத்தி எழுந்து அந்தக் கணக்கை ஊருக்கும் வாசித்துவிட வேண்டும்.

முதல்வருக்கு எழுதிக் கொடுக்க இரண்டு பக்கம் போதும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டிய ஒரு வேலை சொல்கிறேன். அந்த ஏழெட்டுக் கன்றுகள் எங்கே நிற்கின்றன? யாரோ ஒருவர் கோடை முழுக்க அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை மறுபடி போய், உங்களைக் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரிடமே விசாரியுங்கள். ஊற்றியவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவரையும் கூட அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள்.