சூப்பர்நோவா புத்தகங்கள்: எது நல்ல எழுத்து? கேள்வி பதில்

கேள்வி: சார், எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பிரமாண்டம், பயங்கரம் என்றே ஓடுகிறது. நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: சூப்பர்நோவா என்றால் விண்மீன் ஒன்று வெடித்துச் சாவது; அதன் மையம் சரிகிற பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சிலிக்கான் எரிந்து இரும்பாகச் சேர சில நாட்கள்தான் ஆகும், அப்புறம் அந்த இரும்பு மையம் ஒரு வினாடிக்குள் உள்ளே இடிந்து விழுகிறது. உள்ளே விழுந்தது எப்படி வெளியே வெடிக்கும்? வாசகருக்கு வருகிற இந்தச் சந்தேகத்தை ஆசிரியரே எழுப்ப வேண்டும். மையத்தில் மோதித் திரும்பிய அதிர்ச்சி அலை பாதி வழியில் நின்றுபோகிறது, நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் மிகச் சிறு துகள்கள்) சூடேற்றி அதை மறுபடி கிளப்புகின்றன என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கணினியில் செய்து பார்த்தபோது பல வருடங்கள் வெடிக்கவே இல்லை. அந்தத் திணறலையும் எழுதுகிறவரை நம்பி வாங்கலாம். "மோதியது, வெடித்தது" என்று ஒரே வரியில் தாண்டுகிற புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

கேள்வி: பூஜ்யங்களைப் பார்த்தாலே எனக்கு அலுப்பு அண்ணா. எண்கள் அவசியமா?

பதில்: அவசியம், ஆனால் குறைவாகப் போதும். வெடிப்பின் ஆற்றலில் சுமார் 99 சதவீதம் நியூட்ரினோவாகவே போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் மிச்சத்திலும் ஒரு துளி. இந்த ஒரு எண்ணைப் புரியவைத்தாலே ஒரு அத்தியாயம் நிற்கும்.

கேள்வி: 1987 வெடிப்பை ஏன் எல்லோரும் எழுதுகிறார்கள்?

பதில்: எழுதத்தான் வேண்டும், முழுதாக எழுத வேண்டும். சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில், பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலத்தில் நடந்தது. சிலியின் லாஸ் கம்பனாஸ் வானாய்வகத்தில் இயன் ஷெல்டன் எடுத்த புகைப்படத் தட்டில் புதுப் புள்ளி தெரிந்தது. ஆனால் வெளிச்சம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் கருவிகளில் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து போல நியூட்ரினோக்கள் பதிவாகியிருந்தன. வெடித்தது நீலப் பெருவிண்மீன், பலரும் எதிர்பார்த்ததோ சிவப்பு. அந்தத் திகைப்பை மறைத்து எல்லாம் கணித்தபடியே நடந்ததாக எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

கேள்வி: பழைய புத்தகங்கள் படிக்கலாமா?

பதில்: தாராளமாக. தங்கம் பற்றிய பக்கத்தில் மட்டும் கவனம். பல பழைய புத்தகங்கள் தங்கம் முழுவதையும் சூப்பர்நோவா கணக்கில் சேர்த்துவிடும். 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடிப்புக்குப் பின் மிஞ்சும் மிக அடர்ந்த மையங்கள்) மோதியதைப் பார்த்தபிறகு, அத்தகைய மோதலிலும் தங்கம் உருவாகும் என்று தெரிந்து அந்தக் கதை மாறிவிட்டது.

கேள்வி: வானியற்பியலாளர் சந்திரசேகரின் கப்பல் பயணம் எல்லாவற்றிலும் வருகிறதே?

பதில்: வரட்டும். 1930இல் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. ஆனால் பாதிப் பேர் பிற்பாடு பிரபல வானியலாளர் எடிங்டன் அவரை மறுத்துப் பேசிய சண்டையை மட்டும் விரித்துவிட்டு, அந்தப் பயணத்தில் அவர் போடத் தொடங்கிய கணக்கின் முடிவை, அதாவது வெள்ளைக் குள்ளன் (எரிந்து தீர்ந்த விண்மீனின் மிச்சம்) 1.4 சூரிய நிறைக்கு மேல் தாங்காது என்ற வரம்பு ஏன் வருகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தை நெருங்கும்போது அவற்றின் அழுத்தத்தால் எடைக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. இதற்கு இரண்டு பத்தி போதுமே!

கேள்வி: ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

பதில்: ராபர்ட் கிர்ஷ்னர் 2002இல் எழுதிய 'தி எக்ஸ்ட்ராவகன்ட் யுனிவர்ஸ்'. பிரபஞ்ச விரிவு வேகமெடுப்பதை சூப்பர்நோவாக்களை வைத்துக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்றில் இருந்தவர். உள்ளே இருந்தவர் எழுதியது என்பதால் சூடு இருக்கும், ஒரு குழுவின் பார்வை என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள்.