வளையத்தைத் திருகிப் பாருங்கள்

கேள்வி: மகன் இங்கிலாந்தில் இப்ஸ்விச்சில் வேலை பார்க்கிறான். மே மாதம் அங்கே போகிறோம். பெரிய கதீட்ரல்களைப் போன தடவையே பார்த்துவிட்டோம். இந்த முறை பழைய கிராமத்துத் தேவாலயம் ஒன்றைப் பார்க்க ஆசை. வெளியாட்களை உள்ளே விடுவார்களா?
- வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக. டிக்கெட் கிடையாது, பல ஊர்களில் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும், உள்ளே ஒரு ஆள்கூட இருக்க மாட்டார். கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், கதவில் இருக்கும் இரும்பு வளையத்தைத் திருகினால் உள்ளே கொண்டி தூக்கிக்கொள்ளும், அப்புறம் தோளால் ஒரு தள்ளு.

இப்ஸ்விச் என்றால் நான் வென்ஹாஸ்டன் கிராமத்துத் தேவாலயத்தைத்தான் சொல்வேன். லோஸ்டாஃப்ட் ரயிலில் ஏறி ஹேல்ஸ்வொர்த்தில் இறங்குங்கள், அங்கிருந்து சுமார் 3 மைல்.

அங்கே இருப்பது மரப்பலகைகளில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம், அதாவது உலக முடிவில் யார் சொர்க்கத்துக்கு, யார் நரகத்துக்கு என்று கடவுள் தீர்ப்பளிக்கும் காட்சி, 500 வருடப் பழசு. 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில் சாமி படமெல்லாம் கூடாதென்று வெள்ளையடித்து மூடிவிட்டார்கள். 1892இல் பழுதுபார்க்கும்போது, ஏதோ பழைய பலகை என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்களாம். ராத்திரி மழை பெய்து சுண்ணாம்பு கரைய, பலகையில் முகங்கள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன! சொர்க்கத்துக்குப் போகிறவர்கள் உடம்பில் பொட்டுத் துணியில்லை, ஆனால் அவர்களில் ஒருவரான ராஜாவின் தலையில் கிரீடம் மட்டும் அப்படியே. நடுவில் சிலுவை வடிவில் வெற்றிடம் இருக்கும், பெயிண்ட் உதிர்ந்ததோ என்று நினைக்காதீர்கள், முன்பு அங்கே சிலுவையில் தொங்கும் இயேசுவின் மரச்சிலை பொருத்தியிருந்தார்கள், அதன் பின்னால் யார் வண்ணம் பூசுவார்கள்?

பக்கத்திலேயே பிளைத்பர்க் தேவாலயம். கூரையில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள், உடம்பில் ஈயக் குண்டுகள். 1644இல் தேவாலயங்களில் சிலை உடைக்க வந்த டவுசிங் என்பவரின் ஆட்கள் சுட்டது என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். கடைசியில் பார்த்தால் 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் புகுந்த காக்கைகளைச் சுட்ட குண்டுகளாம். பாவம், அந்த மனிதர் செய்ததே போதும், செய்யாததையும் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேள்வி: செருப்பைக் கழற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், சேறாக இருந்தால் மட்டும் வாசலில் கழற்றுங்கள். மே மாதம்கூட உள்ளே சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரம், சுற்றிப் பார்க்க வசதிப்படாது. திரும்பும்போது கதவை மறக்காமல் சாத்துங்கள், குருவி உள்ளே போனால் வெளியே வரத் தெரியாமல் செத்துப்போகும்.