நேர்ப்பொருளா, உருவகமா? – கடிதம்

ஐயா,

எங்கள் சபையில் வாராவாரம் வேதபாடம் நடக்கிறது. இப்போது ஆதியாகமம். ஆறு நாள் என்றால் இருபத்துநாலு மணிநேர நாள்தான், ஒரு வசனத்தைச் சந்தேகப்பட்டாலும் மொத்த வேதாகமமும் பொய்யாகிவிடும் என்கிறார் பாடம் நடத்துபவர். நிலவியல் படிக்கும் என் மகளோ, படைப்பு முதல் உயிர்த்தெழுதல் வரை எல்லாமே உருவகம், அப்படி எடுத்துக்கொண்டால் சண்டையே இல்லை என்கிறாள். நான் எப்படி வாசிப்பது?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ‘ஒரு வசனம்’ வாதம். 1 இராஜாக்கள் 7:23ஐப் பாருங்கள். சாலொமோனின் வெண்கலக் கடல்தொட்டி வட்டமானது. விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம். கணக்குப்படி முப்பத்தொன்றரை முழத்துக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். எழுதியவர் முழு எண்ணாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். வேதத்தில் பிழையே இல்லை என்று 1978இல் சிகாகோவில் கூடி அறிக்கை வெளியிட்ட சுவிசேஷகத் தலைவர்கள்கூட, முழு எண்களும் மிகைக்கூற்றும் இயற்கையைக் கண்ணுக்குத் தெரிகிறபடி வருணிப்பதும் பிழையாகாது என்று அந்த அறிக்கையிலேயே எழுதி வைத்தார்கள். உங்கள் வேதபாடக்காரர் அவர்களைவிடக் கறாராக இருக்கிறார்.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் முதல் மூன்று நாள்: வெளிச்சம், வானமும் நீரும், நிலமும் பயிரும். வலப்பக்கம் அடுத்த மூன்று: சூரியனும் சந்திரனும், பறவையும் மீனும், விலங்கும் மனிதனும். இடத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் உரியவர் வலத்தில் நேர் எதிரே வந்து நிற்பார்கள். நாலாம் நாள்தான் சூரியன் வருகிறது. அதற்குமுன் மூன்று முறை ‘சாயங்காலமும் விடியற்காலமுமாகி’ என்று வந்துவிட்டது. சூரியன் இல்லாமல் எப்படி விடிந்தது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் ஓரிகன் கேட்டிருக்கிறார். பழைய திருச்சபையின் பேராசான்களில் ஒருவரான அகஸ்டின் ஆதியாகமத்துக்கு ‘நேர்ப்பொருள்’ விளக்கம் என்றே பெயரிட்டு ஒரு பெரிய உரை எழுதினார். அதிலேயே இந்த நாட்கள் நம் நாட்கள் அல்ல, எல்லாம் ஒருங்கே படைக்கப்பட்டவை என்கிறார். டார்வினுக்குப் பயந்து பின்வாங்கியவர்கள் அல்ல இவர்கள்.

இரண்டாம் அதிகாரத்துக்குப் போனால் வரிசையே மாறுகிறது. மனிதன், பிறகு மரங்கள், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத் தொகுத்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? வரிசை அவருக்கு முக்கியமாகப் படவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பூமிக்கு ஆறாயிரம் வயது என்ற கணக்கு பழையதுதான். அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் கிமு 4004 அக்டோபர் 23 என்று நாளே குறித்துக் கொடுத்தார். ஆனால் அதை விசுவாசத்துக்கான பரீட்சையாக ஆக்கியது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கா, அதுவும் 1960களுக்குப் பிறகு. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநில டேட்டன் நகரில், பரிணாமம் கற்பித்த ஆசிரியருக்கு எதிராக வழக்காடிய அரசியல் தலைவர் பிரையனே, சாட்சிக் கூண்டில் ஏறி நடந்த விசாரணையில் அந்த நாட்கள் இருபத்துநாலு மணிநேரமாக இருக்கவேண்டியதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

அச்சிட்டபடியே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மாற்கு 16:18 போதும். ‘சர்ப்பங்களை எடுப்பார்கள்’ என்ற வசனத்தை நம்பி அமெரிக்க அப்பலாச்சிய மலைப்பகுதிச் சபைகள் சிலவற்றில் ஆராதனையின்போது விஷப்பாம்பைக் கையில் எடுப்பார்கள். அந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்து, வைத்தியம் வேண்டாம் என்று மறுத்து இறந்தார். வேதாகமத்தின் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான நாலாம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் ஏடுகள் இரண்டிலும் மாற்கு 16 எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. பாம்பு வசனம் அவற்றில் கிடையாது. பாம்பு எடுக்கும் இந்தச் சபையாரும் மத்தேயு 5:29ஐக் கேட்டுக் கண்ணைப் பிடுங்கிப் போடுவதில்லை. எதை நேராக எடுப்பது, எதை விடுவது என்று அவர்களும் தேர்ந்தெடுக்கத்தான் செய்கிறார்கள். தேர்வு நடக்கிறது என்பதை ஒத்துக்கொள்வதில்லை, அதுதான் சிக்கல்.

உங்கள் மகளின் பக்கம் வேறு வகை ஆபத்து. நல்ல சமாரியன் உவமைக்கு அதே அகஸ்டின் சொன்ன பொருளைப் பாருங்கள்: அடிபட்டவன் ஆதாம், கள்ளர் பிசாசும் அவன் தூதர்களும், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலன் பவுல்! இயேசு கதை சொன்னபோது பவுல் சீஷனாகக்கூட ஆகவில்லை. ‘எனக்குப் பிறன் யார்’ என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பதிலாக வந்தது இந்தக் கதை. ‘நீயும் போய் அந்தப்படியே செய்’ என்று முடிகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மறைபொருள் கண்டுபிடித்தால் கடைசியில் அந்தக் கட்டளை மட்டும் காணாமல் போய்விடும். உருவகத்துக்கு எல்லை வைப்பது அந்தப் பகுதியே எழுப்புகிற கேள்வி. அதைத் தாண்டினால் நாம் விரும்பியதையெல்லாம் உள்ளே திணிக்கலாம்.

உயிர்த்தெழுதலை உங்கள் மகள் உருவகம் என்பதும் அப்படித்தான். 1 கொரிந்தியர் 15இல் பவுல் சாட்சிகளின் பட்டியல் கொடுக்கிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற குறிப்போடு. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் எழுதுகிறார். நடந்தது என்று நம்பித்தான் எழுதுகிறார். நம்பவில்லையென்றால் ‘நான் நம்பவில்லை’ என்று சொல்லிவிடலாம், அது நேர்மை. பவுல் உருவகமாகச் சொன்னார் என்பது அவர் வாயில் நம் சொல்லை வைப்பது.

இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சண்டையின் முடிச்சைத் தளர்த்தியிருக்கிறார். கர்த்தரின் புயம் என்று வரும்போது அதன் நேர்ப்பொருள் கடவுளுக்குக் கை இருக்கிறது என்பதல்ல, அவருடைய வல்லமை என்பதே. அதாவது எழுதியவர் சொல்லவந்ததுதான் நேர்ப்பொருள். அதை அவர் உருவகமாகவும் சொல்லலாம். ஆகவே எந்தப் பகுதியை எடுத்தாலும் இது எந்த வகை எழுத்து, யாரிடம் பேசுகிறது, எழுதியவர் ஏதாவது குறிப்புக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். லூக்கா முதல் நாலு வசனத்திலேயே விசாரித்து எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறார். சூரியன் நின்றது பற்றிய யோசுவா 10:13 பழைய பாட்டுத் தொகுப்பாகக் கருதப்படும் யாசேரின் புத்தகத்தை மேற்கோள் காட்டுகிறது. நியாயாதிபதிகள் 9இல் மரங்கள் கூடி ராஜாவைத் தேடுவதை யாரும் தாவரவியலாகப் படிப்பதில்லை.

வேதபாடத்தில் ஒரு வாரம் நியாயாதிபதிகள் 4, 5 இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே யுத்தம், நாலாம் அதிகாரம் உரைநடை, ஐந்தாவது தெபொராளின் பாட்டு. நாலில் தோற்று ஓடிவந்த எதிரிப் படைத்தலைவன் சிசெரா அயர்ந்து தூங்கும்போது, கூடாரத்தில் அவனுக்கு இடம் கொடுத்த யாகேல் என்ற பெண் கூடார ஆணியை அவன் நெற்றிப்பொட்டில் அடிக்கிறாள். ஐந்தில் அவன் அவள் காலருகே மடங்கி விழுகிறான். படுத்துக் கிடந்தவன் எப்படி விழுவான்? அதே பாட்டில் நட்சத்திரங்களும் சிசெராவுக்கு எதிராக யுத்தம் பண்ணுகின்றன. முதலில் நாலாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கவைத்து, ஐந்தை வாசிக்கும்போது புதிதாக வருவதை ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மகளையும் அழைத்துப் போங்கள். அடுத்த வாரத்துக்கு கடல் பிளந்ததைச் சொல்லும் யாத்திராகமம் 14, 15 இருக்கிறது: முதலாவதில் இராமுழுதும் வீசிய கீழ்க்காற்று, இரண்டாவதில் கடவுளின் நாசியின் சுவாசம்.