கனவில் வரும் வெளிச்சம்

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டும் வேலை பார்த்தவர். அடிக்கடி விடிகாலைக் கனவில் வருகிறார். கண் கூசும் வெளிச்சத்துக்கு நடுவில் நிற்கிறார், முகம் தெரிவதில்லை. சிலர் மோட்சம் என்கிறார்கள். ஜோசியர் ஒருவர் ஆத்மா அலைகிறது, பரிகாரம் செய்ய வேண்டும் என்கிறார். விடிகாலைக் கனவு பலிக்குமா? வெளிச்சத்துக்கு என்ன பலன்?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

மோட்சத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விடிகாலைக் கனவு பலிக்கும் என்பதை விட்டுவிடுங்கள். இமைக்குள் விழி உருளும் தூக்கத்தை 1953இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அது இரவின் பின்பாதியில்தான் நீள்கிறது. அப்போது கனவு அதிகம். சீக்கிரமே விழித்துவிடுவதால் நினைவிலும் நிற்கிறது. அவ்வளவுதான்.

வெளிச்சம் என்றாலே நல்லது என்பதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் நம் மதுரை அரசி கண்ட கனவில் இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் விண்மீன் விழுகிறது. அவள் நடுங்கித்தான் போகிறாள்.

சில நாட்களாகவே எனக்கு அப்பத்தா நினைப்பு. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கடைசிக் காலத்தில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சுவரைத் தடவித்தான் நடப்பாள். ஆனால் காலையில் எழுந்து, "ராத்திரி அழகர் ஆத்துல எறங்குனாருடா. பச்சைப் பட்டு. தீவட்டி வெளிச்சத்துல ஆளுக மூஞ்சியெல்லாம் தெரிஞ்சுச்சு" என்பாள். கிழவிக்கு அருள் வந்துவிட்டது என்று குறி கேட்க வந்தார்கள். "போங்கடி, நான் பாத்ததத்தான் பாக்குறேன்" என்று விரட்டிவிட்டாள்.

இதை எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்கள் கேட்பதில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்குக் கனவு உண்டு. அதில் குரல் இருக்கும், வாசனை இருக்கும், தொடுகை இருக்கும். நாம் காணும் வெளிச்சம் இருக்காது. வளர்ந்த பிறகு பார்வை போனவர்களோ பல வருடங்களுக்குக் கனவில் நிறங்களைக் காண்கிறார்கள். கனவின் ஒளி வானத்திலிருந்து இறங்குவதாக இருந்தால் இருவருக்கும் ஒன்றுபோல அல்லவா இறங்க வேண்டும்? கண் திறந்திருந்த நாளில் உள்ளே போனதுதான் கண் மூடிய பின் எழுகிறது. அப்பத்தாவின் தீவட்டி வைகைக் கரையில் அவள் நின்று பார்த்த தீவட்டி. பிறகு அவளை அரவிந்த் கண் மருத்துவமனை முகாமுக்குக் கூட்டிப்போனோம். கட்டு அவிழ்த்து வீடு திரும்பியதும், சுவருக்கு ஏன் இன்னும் வெள்ளையடிக்கவில்லை என்று என் அப்பாவைத் திட்டினாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அம்மா. வாழ்நாளெல்லாம் விளக்கு கட்டிய மனிதரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஜோசியர் சொன்னதைக் கேட்க நேரம் இருந்திருக்கிறது. சீரியல் செட் எரியும்போது அதன் அடியில் நிற்பவரின் முகம் தெரியாது என்பது சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்த உங்களுக்குத் தெரியாதா? அவரை வேறு எந்த வெளிச்சத்தில் உங்கள் மனம் காட்டும்?

எந்தெந்தக் கோயிலுக்குக் கட்டினார், பலகையில் என்ன உருவம் ஓடவிட்டார், பல்பு மாற்ற உங்களை ஏணி பிடிக்கச் சொன்னாரா என்று எழுதி அனுப்புங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே எழுதுங்கள். பரிகாரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.