இரண்டுமே 13 அங்குலம், ஆனால் ஒன்றல்ல

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெழுத மேக்புக் ஏர் மடிக்கணினியா, ஐபேட் ஏர் டேப்லெட்டா, இரண்டும் 13 அங்குலம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 13 என்பது மூலைக்கு மூலை அளவு மட்டுமே. ஐபேட் திரையின் நீள அகல விகிதம் 4:3. மேக்புக் திரை அகலவாட்டில் நீண்டது. கிடையாக வைத்தால் மேக்புக்கில் உயரம் ஏறக்குறைய 7.4 அங்குலம், ஐபேடில் 7.7க்குச் சற்று மேல். ஐபேடை நிமிர்த்திப் பிடித்தாலோ ஏ4 பக்கம் சிறிதே சுருங்கி முழுதாகத் தெரியும். அடிக்குறிப்பையும் பெரிதாக்காமல் படிக்கலாம். உங்கள் வேலைக்கு இதுதான் முக்கியம்.

முன்பு ஆப்பிளில் பெரிய திரை வேண்டுமென்றால் விலை கூடிய புரோ வரிசைக்குத்தான் போக வேண்டும். 2023 ஜூனில் 15 அங்குல மேக்புக் ஏரும், 2024 மேயில் 13 அங்குல ஐபேட் ஏரும் வந்து அந்தக் கட்டாயத்தை நீக்கின. நல்ல மாற்றம் இது.

படிப்பதே அதிகம் என்றால் தயங்காமல் ஐபேட் வாங்குங்கள். நாள் முழுக்கத் தட்டச்சு என்றால் மேக்புக்தான். ஐபேடுடன் விசைப்பலகை உறையைச் சேர்த்தால் எடையும் மேக்புக்கை நெருங்கிவிடும். கட்டுரையையும் எழுதும் பக்கத்தையும் அருகருகே திறந்து வைப்பவரானால் 15 அங்குலத்தைப் பாருங்கள்.